உணவு வழியே உடலுக்குள் போகும் பூச்சிமருந்து எவ்வளவு? புள்ளியியல் முறையில் கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கிலோ கத்தரிக்காயில் எத்தனை மில்லிகிராம் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்பதை ஆய்வக அறிக்கை சொல்லிவிடும். நமக்குத் தெரிய வேண்டியதோ, அதைச் சாப்பிட்டவர் உடலுக்குள் எவ்வளவு போனது என்பது. முதல் எண்ணிலிருந்து இரண்டாவது எண்ணுக்குப் போகும் வழியில் நிறைய முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கும். அவற்றில் இரண்டு மூன்று, விடையையே பல மடங்கு ஏற்றி இறக்கிவிடக்கூடியவை. பொது சுகாதாரம், வேளாண்மை, உணவு அறிவியல் படிக்கிறவர்களையும், தரவு கையில் இருந்தும் எங்கே தொடங்குவது என்று திகைக்கிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சராசரி, சதமானம் என்றால் என்னவென்று தெரிந்தால் போதும். பின்பாதிக்கு மட்டும் ஆர் (R) போன்ற ஒரு புள்ளியியல் மென்பொருள் வேண்டும்.

அடிப்படைச் சூத்திரம் ஒன்றே ஒன்றுதான்:

உட்கொள்ளல் = (சாப்பிட்ட அளவு × உணவில் உள்ள எச்சம்) ÷ உடல் எடை

பல உணவுகள் என்றால் ஒவ்வொன்றையும் பெருக்கிக் கூட்டி, கடைசியில் எடையால் வகுக்க வேண்டும். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளில் இத்தனை மில்லிகிராம் என்று விடை வரும். சூத்திரத்தில் இருக்கும் மூன்று எண்களுமே ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள், காய்க்குக் காய் மாறுபவை. அதனால்தான் இங்கே புள்ளியியல் தேவைப்படுகிறது.

படி 1: ஒரு நாள் கணக்கா, வாழ்நாள் கணக்கா?

இதை முடிவு செய்யாமல் தரவைத் தொடவே கூடாது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ஜேஎம்பிஆர் நிபுணர் குழு ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு வரம்புகளைப் பரிசீலிக்கிறது. வாழ்நாள் முழுக்கத் தினமும் உட்கொண்டாலும் குறிப்பிடத்தக்க ஆபத்து இல்லை என்று கருதப்படும் அளவு ஏடிஐ. ஒரே வேளையில் அல்லது ஒரே நாளில் உட்கொண்டால் தாங்கக்கூடியதாகக் கருதப்படும் அளவு ஏஆர்எஃப்டி. ஏடிஐயோடு ஒப்பிட நீண்டகாலச் சராசரி வேண்டும். ஏஆர்எஃப்டியோடு ஒப்பிட, மோசமான ஒரு நாள் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்குரிய கணக்கை மற்றொன்றோடு ஒப்பிட்டால் விடைக்குப் பொருளே இருக்காது.

ஒரு நாள் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1985ஆம் ஆண்டு கலிபோர்னியாவே சாட்சி. தர்பூசணிக்கு அனுமதிக்கப்படாத ஆல்டிகார்ப் என்ற மருந்து பழத்துக்குள் ஏறியிருந்தது. ஜூலை 4 விடுமுறையை ஒட்டி அந்தப் பழத்தைச் சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய்க்குறிகள் தென்பட்டன. அந்த மக்களின் ஆண்டுச் சராசரியைக் கணக்கிட்டிருந்தால் எதுவும் தெரிந்திருக்காது.

செய்திகளில் அதிகம் அடிபடும் எம்ஆர்எல், அதாவது உணவில் அனுமதிக்கப்படும் அதிகபட்ச எச்சம், இந்த இரண்டிலும் சேராது. பரிந்துரைத்த அளவில், பரிந்துரைத்த இடைவெளியில் மருந்தடித்தால் அறுவடையின்போது எவ்வளவு மிஞ்சும் என்பதை வைத்து வகுத்த வணிக, சட்ட வரம்பு அது. இந்தியாவில் தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதிகள் பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மி.கி. என்று வைக்கின்றன. அதைத் தாண்டிய காய் சட்டத்தை மீறியது. அதைச் சாப்பிட்டவருக்குத் தீங்கு உண்டா என்பதற்கு உட்கொள்ளலைக் கணக்கிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். வரம்புக்குள் இருக்கும் பத்து உணவுகளின் கூட்டுத்தொகை பாதுகாப்பானதா என்ற கேள்விக்கும் இதே பதில்தான்.

எந்த நாட்டின் வரம்பை எடுத்துக்கொள்கிறோம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். குளோர்பைரிஃபாஸுக்கு ஜேஎம்பிஆர் வைத்த ஏடிஐ ஒரு கிலோ உடல் எடைக்கு 0.01 மி.கி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்சா, 2019இல் அதே மருந்துக்குப் பாதுகாப்பான அளவு எதையும் நிர்ணயிக்க முடியாது என்றது. 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. ஒரே கணக்கை வைத்துக்கொண்டு ஒருவர் ‘பரவாயில்லை’ என்றும் இன்னொருவர் ‘ஆபத்து’ என்றும் சொல்லும் நிலை இப்படித்தான் வருகிறது.

படி 2: எச்சத் தரவைச் சலித்தெடுப்பது

முதலில் பார்க்க வேண்டியது, மாதிரிகள் எதற்காக எடுக்கப்பட்டவை என்பதை. சந்தேகப்பட்டு எடுத்த மாதிரிகளும் புகாரின் பேரில் எடுத்தவையும் சராசரிக்கு உதவாது, அவை எண்ணை மேலே இழுத்துவிடும். கடைகளிலும் சந்தைகளிலும் குலுக்கல் முறையில் எடுத்தவற்றைத் தனியே பிரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எதை அளந்தார்கள் என்று பாருங்கள். சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் முறைப்படி வாழைப்பழத்தைத் தோலோடு சேர்த்துத்தான் பரிசோதிக்கிறார்கள், நாம் தோலைச் சாப்பிடுவதில்லை. உட்கொள்ளலுக்குச் சதையில் உள்ள அளவு வேண்டும். அசிஃபேட் அடித்த செடியில் அது மெத்தமிடோஃபாஸாக மாறும். டைமெத்தோயேட் ஓமெத்தோயேட்டாக மாறும். மாறி வருவது இரண்டு இடத்திலும் மூல மருந்தைவிடக் கொடியது. ஆய்வகம் மூல மருந்தை மட்டும் அளந்திருந்தால் கணக்கு தொடக்கத்திலேயே குறைந்துவிடும்.

சமையலும் எச்சத்தை மாற்றும். கழுவுவது, தோல் சீவுவது, வேகவைப்பது ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்குக் காரணி உண்டு. பெரும்பாலும் அது 1க்குக் கீழே இருக்கும். உலர்த்தும்போது மேலே போகும்: பச்சை மிளகாய் வற்றலாகும்போது எச்சம் ஏழு முதல் பத்து மடங்கு செறிவதாக ஜேஎம்பிஆர் எடுத்துக்கொள்கிறது. நம் சமையலில் வற்றல் சேராத நாள் அரிது. அதனால் மிளகாய்க்குப் பச்சையையும் வற்றலையும் தனித்தனி வரிசையாக வையுங்கள்.

படி 3: ‘கண்டறியப்படவில்லை’ என்பதை என்ன செய்வது?

இந்த வழிகாட்டியில் எதை மறந்தாலும் இந்தப் படியை மறக்காதீர்கள். பூச்சிமருந்துத் தரவில் பெரும்பாலான வரிசைகளில் எண்ணே இருக்காது, ‘கண்டறியப்படவில்லை’ என்றோ ‘0.05க்குக் கீழ்’ என்றோதான் இருக்கும். கருவி நம்பகமாக அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவை எல்ஓக்யூ என்கிறார்கள். அதற்குக் கீழே இருப்பது பூஜ்யமாகவும் இருக்கலாம், எல்லையைத் தொட்டுக்கொண்டும் இருக்கலாம்.

எளிய வழி மூன்று விதமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பது. கண்டறியாதவற்றைப் பூஜ்யம் என்று வைத்தால் கீழ் எல்லை. எல்ஓக்யூவில் பாதி என்றால் நடு. முழு எல்ஓக்யூ என்றால் மேல் எல்லை. கணக்குப் பழகுவதற்காக ஓர் எடுத்துக்காட்டு (எண்கள் நானாக வைத்துக்கொண்டவை): 100 கத்தரிக்காய் மாதிரிகள், எல்ஓக்யூ 0.05 மி.கி./கிலோ. பத்தில் மட்டும் மருந்து கிடைத்தது, அவற்றின் சராசரி 0.12.

கீழ் எல்லை: 10 × 0.12 ÷ 100 = 0.012
நடு: (10 × 0.12 + 90 × 0.025) ÷ 100 = 0.0345
மேல் எல்லை: (10 × 0.12 + 90 × 0.05) ÷ 100 = 0.057

ஒரே தரவுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வித்தியாசம். மேல் எல்லையில் பெரும்பகுதி கருவியின் திறனிலிருந்து வந்ததே தவிர, காயிலிருந்து வந்ததல்ல.

இது எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள். மோனோகுரோட்டோஃபாஸுக்கு ஜேஎம்பிஆர் வைத்த ஏடிஐ 0.0006 மி.கி. 15 கிலோ எடையுள்ள குழந்தை பத்து வகைக் காய்களில் ஒவ்வொன்றும் 50 கிராம் சாப்பிடுகிறது. எந்த மாதிரியிலும் மருந்து கிடைக்கவே இல்லை. எல்ஓக்யூ 0.05. மேல் எல்லைக் கணக்கில் 0.5 கிலோ × 0.05 ÷ 15 = 0.00167. அதாவது ஏடிஐயைப்போல 2.8 மடங்கு! ஒரு துளி மருந்தும் கண்டறியாத தரவிலிருந்து அபாய அறிக்கை பிறந்துவிடுகிறது. இதற்கு நேர்மாறாகக் கீழ் எல்லையை மட்டும் எழுதி ‘ஆபத்து சுத்தமாக இல்லை’ என்று சொல்லிவிடவும் முடியும். இரண்டுமே மக்களுக்குச் செய்யும் அநியாயம். இரண்டு எல்லைகளையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இன்னும் நல்ல முறைகள் உண்டு. கண்டறிந்த மதிப்புகள் மடக்கை இயல்நிலைப் பரவலில் (மடக்கை எடுத்தால் மணி வடிவம் தரும் பரவல்) இருப்பதாக வைத்து, கண்டறியாதவை அந்தப் பரவலின் இடது வாலில் இருக்கின்றன என்று அதிகபட்ச சாத்தியக்கூறு முறையில் (கையில் உள்ள தரவு வர மிக அதிக வாய்ப்புள்ள பரவலைத் தேடும் முறை) பொருத்தலாம். பல ஆய்வகங்கள், பல எல்ஓக்யூக்கள் என்றால், பரவலின் வடிவத்தை முன்கூட்டியே ஊகிக்காத கப்லான்–மேயர் முறை உதவும். ஒரே எல்ஓக்யூ இருக்கும் தரவில் கப்லான்–மேயர் புதிதாக எதையும் சொல்லாது. ஆர் மென்பொருளில் இதற்கென்றே நாடா என்ற தொகுப்பு இருக்கிறது. ஆனால் 80 சதவீதத்துக்கு மேல் கண்டறியப்படாதவையாக இருந்தால் எந்தப் பரவல் பொருத்தத்தையும் நம்பாதீர்கள், கைவசம் இருக்கும் நாலைந்து எண்கள் அதைத் தாங்காது.

பூச்சிமருந்துக்கே உரிய ஒரு விஷயமும் இருக்கிறது. ஈயம், ஆர்சனிக் போன்றவை மண்ணில் எங்கும் கொஞ்சம் இருக்கும். பூச்சிமருந்து அப்படியில்லை, அடிக்காத வயலில் பெரும்பாலும் நிஜமாகவே பூஜ்யம்தான். அந்தப் பயிரில் எத்தனை சதவீதப் பரப்பில் அந்த மருந்து அடிக்கப்படுகிறது என்று தெரிந்தால் கண்டறியாதவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 30 சதவீதம் என்று வைப்போம். பத்தில் கண்டறிந்தாயிற்று. மீதி இருபதுக்கு எல்ஓக்யூவில் பாதி, எழுபதுக்குப் பூஜ்யம். சராசரி (1.2 + 0.5) ÷ 100 = 0.017. மூன்று எல்லைகளையும்விட இது உண்மைக்கு நெருக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இப்படித்தான் செய்கிறது. வயலைத் தெரிந்தவர்களிடம், மருந்து விற்பவர்களிடம், வேளாண் அலுவலர்களிடம் பேசினால்தான் இந்தச் சதவீதம் கிடைக்கும். மேசையிலேயே உட்கார்ந்திருந்தால் கிடைக்காது.

படி 4: யார், எவ்வளவு சாப்பிடுகிறார்கள்?

மூன்று வகைத் தரவு உண்டு. நாட்டின் உற்பத்தி, இறக்குமதியிலிருந்து கணக்கிடும் தலைக்கு இத்தனை கிலோ என்ற எண்: தொடக்கச் சோதனைக்கு மட்டும் போதும். இந்தியாவின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு போன்றவை: வீட்டுக்கு எவ்வளவு வாங்கினார்கள் என்று சொல்லும், குழந்தையின் தட்டில் எவ்வளவு விழுந்தது என்று சொல்லாது. தனி ஆளிடம் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்யும் 24 மணி நேர நினைவூட்டல்: இதுதான் நமக்கு வேண்டியது. ஆளுக்குக் குறைந்தது இரண்டு நாள், அடுத்தடுத்து வராத நாட்களாகப் பதிவு இருக்க வேண்டும். ஏன் என்பது படி 6இல் வரும்.

வீட்டுத் தரவு மட்டுமே இருந்தால் வயது, பாலினத்துக்கு ஏற்ற நுகர்வு அலகுகளால் பங்கிடலாம். அது ஒப்புக்குச் செய்யும் பங்கீடு என்பதை அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

உண்ட உணவை மூலப் பொருளாக உடைப்பதற்கு நாள் கணக்கில் நேரம் போகும். சாம்பார் என்று பதிவாகியிருந்தால் அதில் துவரம் பருப்பு, தக்காளி, முருங்கைக்காய், வற்றல் ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்று செய்முறை அட்டவணை வேண்டும். கறிவேப்பிலையை ஒதுக்கி வைப்பவர் உண்டு, மென்று விழுங்குபவர் உண்டு, துவையலாக அரைத்துச் சாப்பிடுபவரும் உண்டு. அளவு சிறிதானாலும் எச்சம் அதிகம் ஏறும் இலை என்பதால் இந்த வேறுபாட்டைக் கேட்டே பதிவு செய்ய வேண்டும்.

குழந்தைகளைத் தனிக் குழுவாக வையுங்கள். உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அவர்கள் அதிகம் சாப்பிடுகிறார்கள். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1993இல் இதை விரிவாக எடுத்துக்காட்டிய பிறகுதான், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் குழந்தைகளுக்காகக் கூடுதலாகப் பத்து மடங்கு பாதுகாப்பு இடைவெளி வந்தது.

படி 5: முதலில் கையால் ஒரு கணக்கு

மென்பொருளைத் திறப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். நீண்டகாலத்துக்கு, கள ஆய்வுகளில் கிடைத்த எச்சங்களின் இடைநிலை மதிப்பைச் சராசரி நுகர்வால் பெருக்கிக் கூட்டினால் போதும். ஏடிஐயில் சில சதவீதம்தான் வருகிறது என்றால் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஒரு நாள் கணக்குக்கு ஜேஎம்பிஆரின் ஐயெஸ்டி சமன்பாடு. இதன் பின்னணியில் ஒரு கதை உண்டு. ஆய்வகத்தில் பத்துப் பதினைந்து காய்களை ஒன்றாக அரைத்துச் சராசரி எடுக்கிறார்கள். 1990களில் பிரிட்டனில் கேரட்டுகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தபோது, சில கேரட்டுகளில் எச்சம் கலப்பு மாதிரியைவிடப் பல மடங்கு இருந்தது தெரியவந்தது. ஒரு குழந்தை கடிப்பது சராசரிக் கேரட்டை அல்ல, அந்த ஒரு கேரட்டை. அதற்காகத்தான் மாறுபாட்டுக் காரணி வந்தது. ஜேஎம்பிஆர் அதை 3 என்று வைக்கிறது. எஃப்சா காயின் அளவைப் பொறுத்து 5 அல்லது 7 என்று வைத்து வந்திருக்கிறது.

15 கிலோ குழந்தை, ஒரு நாளில் 300 கிராம் ஆப்பிள் (சாப்பிடுபவர்களின் நுகர்வில் 97.5ஆம் சதமானம் என்று வைப்போம்), ஒரு பழம் 150 கிராம், அதிகபட்ச எச்சம் 0.5 மி.கி./கிலோ. முதல் பழத்துக்குக் காரணியைப் பெருக்கி, மீதிக்குப் பெருக்காமல் விட வேண்டும்:

(0.15 × 0.5 × 3 + 0.15 × 0.5) ÷ 15 = 0.02

காரணி 7 என்றால் 0.04. காரணியே இல்லையென்றால் 0.01. தர்பூசணி போல ஒரு பழமே சாப்பிடும் அளவைவிடப் பெரிதாக இருந்தால் மொத்த அளவையும் காரணியால் பெருக்க வேண்டும். 25 கிராமுக்குக் குறைவான சிறு காய்களுக்குக் காரணி வேண்டியதில்லை. மாவு, எண்ணெய், பால் போல நன்றாகக் கலந்துவிடும் பொருளுக்கு அதிகபட்சத்துக்குப் பதில் இடைநிலை மதிப்பு.

படி 6: வழக்கமான உட்கொள்ளல்

இரண்டு நாள் பதிவை அப்படியே சராசரி எடுத்து 95ஆம் சதமானம் கண்டால் அது தப்பு. அந்த இரண்டு நாளும் விருந்துக்குப் போனவர் ஆண்டு முழுக்க அப்படிச் சாப்பிடுபவர் அல்ல. நாளுக்கு நாள் வரும் வேறுபாடு, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டோடு கலந்து பரவலை அகலமாக்கிவிடுகிறது. அதைப் பிரித்தெடுக்க வேண்டும்.

மதிப்புகளை மடக்கைக்கு மாற்றுங்கள். ஆளை சமவாய்ப்பு விளைவாக வைத்து ஒரு கலப்புப் புள்ளியியல் மாதிரியைப் (mixed model) பொருத்துங்கள்; அது இரண்டு வேறுபாடுகளையும் பிரித்துத் தரும். ஆளுக்கு ஆள் மாறுபாடு 0.4, நாளுக்கு நாள் 1.2, பதிவு 2 நாள் என்று வந்தால் 0.4 ÷ (0.4 + 1.2 ÷ 2) = 0.4. இதன் வர்க்கமூலம் 0.63. ஒவ்வொருவரின் சராசரியும் பொதுச் சராசரியிலிருந்து விலகும் தூரத்தை 0.63ஆல் சுருக்கினால் வழக்கமான உட்கொள்ளலின் பரவல் கிடைக்கும். மடக்கையிலிருந்து திரும்பி வரும்போது நாளுக்கு நாள் மாறுபாட்டில் பாதியைக் கூட்டிவிட்டுத்தான் அடுக்குக்கு உயர்த்த வேண்டும். பலர் இந்த இடத்தில் அதை மறந்து விடையைக் குறைத்துவிடுகிறார்கள்.

திராட்சை போல எப்போதாவது சாப்பிடும் உணவில் பூஜ்யங்கள் நிறைய வரும். அதற்கு இரண்டு பகுதிப் புள்ளியியல் மாதிரி: ஒரு நாளில் சாப்பிடும் வாய்ப்பு ஒரு சமன்பாடு, சாப்பிட்டால் எவ்வளவு என்பது இன்னொன்று. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் முறை இந்த வகைதான். அது இரண்டையும் தொடர்புபடுத்தியே பொருத்துகிறது.

படி 7: மான்டி கார்லோ

ஒரு நாள் உட்கொள்ளலின் முழுப் பரவல் வேண்டுமென்றால் இதுதான் வழி. கணக்கெடுப்பிலிருந்து ஒரு ஆளின் ஒரு நாளைக் குலுக்கி எடு. அன்று அவர் சாப்பிட்ட ஒவ்வொரு உணவுக்கும் எச்சத் தரவிலிருந்து ஒரு மதிப்பைக் குலுக்கி எடு. பெருக்கு, கூட்டு, அவருடைய எடையால் வகு. இதை ஒரு லட்சம் முறை செய். வரிசைப்படுத்தி 95, 99, 99.9ஆம் சதமானங்களைப் படித்துக்கொள்.

கவனிக்க வேண்டியவை சில. ஒரு ஆளின் உணவுகளைப் பிரித்துத் தனித்தனியாகக் குலுக்காதீர்கள், அவர் தட்டு அப்படியே இருக்கட்டும். பல மருந்துகள் என்றால் ஒரு மாதிரியின் எல்லா அளவுகளையும் சேர்த்தே எடுங்கள். ஒரே வயலில் இரண்டு மூன்று மருந்து அடிப்பது வழக்கம், தனித்தனியாகக் குலுக்கினால் அந்தச் சேர்க்கை தொலைந்துவிடும். காய்க்குக் காய் மாறுபாட்டைச் சேர்க்கும்போது எல்லையை நினைவில் வையுங்கள்: பத்துக் காய் கலந்த மாதிரியில் ஒரு காயின் எச்சம் சராசரியைப்போலப் பத்து மடங்கைத் தாண்டவே முடியாது.

ஒரு லட்சம் முறை ஓட்டியதால் 99.9ஆம் சதமானம் உறுதியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கணக்கெடுப்பில் ஆயிரம் ஆள்-நாட்கள்தான் இருந்தால் அந்த எண் ஓரிருவரின் தட்டைத்தான் நம்பியிருக்கிறது. ஆகவே வெளியே இன்னொரு சுற்று வேண்டும்: ஆட்களையும் மாதிரிகளையும் பூட்ஸ்ட்ராப் முறையில் மறுபடி மறுபடி தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு தடவையும் முழுக் கணக்கையும் ஓட்டுங்கள். ஐந்நூறு தடவை ஓட்டினால் ஐந்நூறு 99.9ஆம் சதமானங்கள். அவற்றின் 2.5, 97.5ஆம் சதமானங்களே உங்கள் நம்பிக்கை இடைவெளி. உள்சுற்று மக்களிடம் உள்ள வேறுபாட்டைக் காட்டுகிறது, வெளிச்சுற்று நமக்குத் தெரியாததைக் காட்டுகிறது. நெதர்லாந்தில் உருவான எம்சிஆர்ஏ மென்பொருளில் இவை எல்லாம் அமைந்திருக்கின்றன.

படி 8: பல மருந்துகள் சேரும்போது

உடலில் ஒரே இடத்தைத் தாக்கும் மருந்துகளைத் தனித்தனியாகப் பார்ப்பது போதாது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் (குளோர்பைரிஃபாஸ், மோனோகுரோட்டோஃபாஸ் போன்றவை) எல்லாமே அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைத் தடுக்கின்றன. ஒரு மருந்தை அளவுகோலாக வைத்து, மற்றவை அதைவிட எத்தனை மடங்கு வீரியமானவை என்ற காரணியால் பெருக்கிக் கூட்டலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2006 மதிப்பீட்டில் மெத்தமிடோஃபாஸை அளவுகோலாக வைத்தது. எஃப்சா 2020இல் நரம்பு மண்டலம், தைராய்டு ஆகியவற்றுக்குச் செய்த கூட்டு மதிப்பீட்டில், 99.9ஆம் சதமானத்தில் பாதுகாப்பு இடைவெளி 100 இருக்கிறதா, அதாவது நச்சியல் ஒப்பீட்டு அளவு உட்கொள்ளலைப்போல நூறு மடங்காவது இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

‘கண்டறியப்படவில்லை’ சிக்கல் இங்கே மருந்துகளின் எண்ணிக்கையால் பெருகும். நாற்பது மருந்துக்கும் மேல் எல்லை வைத்துக் கூட்டிய எண்ணை ஒரு முடிவாக வெளியிடாதீர்கள்.

விடையைச் சரிபார்ப்பதும் எழுதுவதும்

முடிந்தால் சிறுநீரில் உள்ள சிதைவுப் பொருள்களோடு ஒப்பிடுங்கள். சியாட்டில் பகுதியில் 23 பள்ளிக் குழந்தைகளுக்கு ஐந்து நாள் இயற்கை வேளாண் உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006இல் வெளியானது. மாலத்தியான், குளோர்பைரிஃபாஸ் இரண்டின் சிதைவுப் பொருள்களும் சிறுநீரில் உடனே இறங்கின, பழைய உணவுக்குத் திரும்பியதும் ஏறின. அந்தக் குழந்தைகளுக்கு உணவுதான் முக்கிய வழி என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் சிறுநீர் எண்ணை அப்படியே மருந்தின் அளவாக மாற்றிவிடக் கூடாது. உணவிலேயே சிதைந்து கிடந்த பொருளும் அதில் சேர்ந்து வரும்.

அறிக்கையில் வெறும் சதவீதத்தை எழுதாதீர்கள். ‘2 முதல் 6 வயதுக் குழந்தைகள், குளோர்பைரிஃபாஸ், நீண்டகால உட்கொள்ளலின் 95ஆம் சதமானம், ஜேஎம்பிஆர் ஏடிஐயில் இத்தனை சதவீதம்: கீழ் எல்லை இது, மேல் எல்லை இது, ஒவ்வொன்றுக்கும் நம்பிக்கை இடைவெளி இது’ என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். எந்த உணவு எவ்வளவு பங்களித்தது என்ற அட்டவணையை இரண்டு எல்லைகளுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். கீழ் எல்லையே வரம்பைத் தாண்டினால் அந்த உணவின் மீது உடனே நடவடிக்கை கேட்கலாம், அதற்குத் தயங்க வேண்டாம். மேல் எல்லை மட்டும் தாண்டினால், மேல் எல்லை அட்டவணையில் முதலில் நிற்கும் இரண்டு மூன்று உணவுகளை எடுத்துக்கொண்டு மறுபடி ஆய்வகத்துக்குப் போய், எல்ஓக்யூவை 0.05இலிருந்து 0.01க்கோ அதற்கும் கீழேயோ இறக்கி அளந்து தரச் சொல்லுங்கள். அந்த எண்கள் வந்ததும் படி 3இலிருந்து கணக்கை மறுபடி ஓட்ட வேண்டும்.